புடெண்டல் நரம்பு பிளாக்: ஊசிக்கு முன்னாடி என்னென்ன கேட்டு வைக்கணும்?

கடலோரக்கிளி (தங்கச்சிமடம்):
வீட்டுக்காரருக்கு வயசு 46, நாட்டுப்படகு ஓட்டுறாங்க. விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவுல, வலது பக்கம் மட்டும் எரிச்சல், குத்தல். எட்டு மாசமா இருக்கு. படகுப் பலகையில உட்கார்ந்தா அரைமணி நேரத்துல கூடிடுது. எழுந்து நின்னா அடங்குது. ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கறதில்ல. மூலம்னு ஒரு இடத்துல மருந்து, புராஸ்டேட்னு இன்னொரு இடத்துல மருந்து. யூரின் கல்ச்சர், எம்ஆர்ஐ ரெண்டும் நார்மல். இப்ப மதுரையில வலி சிகிச்சை டாக்டர் புடெண்டல் நரம்பு பிளாக் (பிறப்புறுப்பு, ஆசனவாய்ப் பகுதிக்குப் போற நரம்பை ஊசி போட்டு மரக்க வைக்கிறது) போடலாம்ங்கிறார். சர்க்கரை இருக்கு. ஊசியோட தீர்ந்துடுமா? அதுவரைக்கும் கெகல் பயிற்சி (இடுப்படித் தசையை இறுக்கி இறுக்கி விடறது) செய்யலாமா?

மரப்பு_மருந்து (மதுரை, மயக்கவியல்):
நீங்க சொல்ற அடையாளம் இந்த நரம்போட பொருந்துது. 2008-ல பிரான்ஸ் நாந்த் நகரத்து டாக்டர்கள் முன்னின்று வகுத்த அளவுகோல்ல அஞ்சு விஷயம் வரும்: அந்த நரம்பு போற இடத்துல வலி, உட்கார்ந்தா கூடுறது, தூக்கத்துலேர்ந்து எழுப்பாதது, தொட்டுப் பார்த்தா உணர்ச்சி குறையாம இருக்கிறது, பிளாக் போட்டா வலி நிக்கிறது. முதல் நாலும் கேட்டும் தொட்டுமே தெரிஞ்சுடும். அஞ்சாவதுக்குத்தான் இந்த ஊசி. அதனால இதை முதல்ல பரிசோதனையா எடுத்துக்கங்க, வைத்தியமாங்கிறது அப்புறம்.

குப்புறப் படுக்க வச்சு, ஸ்கேன் அல்லது எக்ஸ்ரே பார்த்துக்கிட்டே, இடுப்பெலும்புல இஸ்கியல் ஸ்பைன்ங்கிற முனை பக்கத்துல மெல்லிய நீள ஊசியை இறக்குவாங்க. அங்க ரெண்டு தசைநார்களுக்கு நடுவுல நரம்பு நெருக்குப்படுது. மருந்து சில மில்லிதான், பெரும்பாலும் புபிவகெய்ன்ங்கிற மரப்பு மருந்து.

முக்கியமான வேலை அதுக்கப்புறம் உங்களோடது. ஊசி போட்ட அரைமணியில, வலது பக்கம் அந்த இடத்துல ஐஸ்கட்டி வச்சுப் பாருங்க. குளிர்ச்சி தெரியாம மரத்திருந்தா மருந்து நரம்பைச் சேர்ந்துடுச்சு. உடனே ஆஸ்பத்திரி மரப் பெஞ்சிலயே அரைமணி உட்காரச் சொல்லுங்க. வார்டுல படுத்துக் கிடந்தா வலி எப்படியும் இருக்காது, எதையும் தெரிஞ்சுக்க முடியாது. மணிக்கொரு தடவை பத்துக்கு எத்தனை வலின்னு தாள்ல எழுதுங்க.

மரத்துப்போய், உட்கார்ந்தும் வலி இல்லைன்னா: நரம்பு இதுதான். மரத்தும் வலி அப்படியேன்னா: வலி வேற இடத்துலேர்ந்து வருது. மரக்கவே இல்லைன்னா: ஊசி தவறிடுச்சு, அதை வச்சு எந்த முடிவும் எடுக்காதீங்க. ரொம்பப் பேர் இந்த மூணாவதையும் ரெண்டாவதையும் ஒண்ணாக்கி "பிளாக் கேக்கல"ன்னு ஃபைலை மூடிடறாங்க. பெரிய தப்பு.

சர்க்கரை இருக்கறதால ஸ்டீராய்டு கலக்காம போட முடியுமான்னு கேளுங்க. பிரான்ஸ்ல 201 பேர்கிட்ட நடத்தி 2017-ல வெளிவந்த ஆய்வுல, ஸ்டீராய்டு சேர்த்ததால தனிப் பலன் எதுவும் காணோம். சர்க்கரை மட்டும் சில நாள் ஏறும். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுத்தா முன்னாடியே சொல்லிடணும், நீங்களா நிறுத்தக் கூடாது.

மருந்து பக்கத்துல காலுக்குப் போற சயாட்டிக் நரம்புக்குப் பரவினா கால் சில மணி நேரம் தொய்யும். அன்னிக்கு பைக் வேண்டாம். சிறுநீர் போனதுக்கு அப்புறம்தான் கிளம்பணும்.

மண்டபம்_பிசியோ:
கெகல் வேண்டாம் அக்கா. இந்த வலியில இடுப்படித் தசை பெரும்பாலும் ஏற்கெனவே இறுகியிருக்கும், கெகல் அதை இன்னும் இறுக்கும். அதுக்குப் பதிலா மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, மூச்சு உள்ள போகும்போது வயிறும் ஆசனவாயும் தளரட்டும். அஞ்சு நிமிஷம், நாளைக்கு ரெண்டு வேளை. மலச்சிக்கல் இருந்தா முதல்ல அதைச் சரி பண்ணுங்க, முக்கும்போது அந்த நரம்பு இழுபடும்.

கடையில விக்கிற வட்டக் குஷன் வாங்காதீங்க. நடுவுல தொங்கவிட்டு, சுத்திலும் அழுத்தும். படகுப் பலகையில ரெண்டு துண்டை இறுக்கிச் சுருட்டி, பிட்டத்து எலும்பு ரெண்டுக்கும் அடியில ஒண்ணொண்ணு, முன்பின்னா வைக்கச் சொல்லுங்க. நடுப்பகுதி பலகையைத் தொடக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. அலையில பலகை தூக்கித் தூக்கிப் போடறப்ப நின்னுக்கிட்டே ஓட்டறது மேல்.

டென்ஸ் மெஷின் (தோல்ல பேட் ஒட்டி லேசான மின்சாரம் கொடுக்கிற கருவி) இருந்தா கணுக்கால் வழியாவும் முயற்சி பண்ணலாம்: உள் கணுக்கால் எலும்புக்குப் பின்னால ஒரு பேட், பத்து சென்டிமீட்டர் மேல இன்னொண்ணு, 20 ஹெர்ட்ஸ், 200 மைக்ரோசெகண்ட், அரைமணி. பெருவிரல் லேசா மடங்குற வரைக்கும் ஏத்திட்டு கொஞ்சம் குறைங்க. உப்புக்காத்துலயும் வேர்வையிலயும் பேட் ஒட்டாது. நல்ல தண்ணியில தொடைச்சு, ஈரம் காஞ்சதும் ஒட்டுங்க. பேஸ்மேக்கர் உள்ளவங்களுக்கு ஆகாது. பலன் தெரிய வாரக்கணக்கு ஆகும்.

கடலோரக்கிளி:
நன்றி சார். நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின் 10, பிரீகாபலின் 75 மில்லிகிராம் மாத்திரை எழுதியிருக்காங்க. கடலுக்குப் போறப்ப சாப்பிடலாமா? பிளாக் ரெண்டு நாள்ல விட்டுப்போனா அடுத்து என்ன?

மரப்பு_மருந்து:
மாத்திரை தொடங்கின முதல் வாரமும், அளவு கூட்டுற ஒவ்வொரு தடவையும் கடல் வேண்டாம். தலை சுத்தும், தூக்கம் அசத்தும். தனியாப் போறதும் ஆகாது. அமிட்ரிப்டிலின் மலச்சிக்கல் கொடுக்கும், பிசியோ சொன்னதை அதோட சேர்த்துப் பாருங்க. சிறுநீர் தடைபட்டாலும் சொல்லுங்க. பிரீகாபலினை திடீர்னு நிறுத்தாதீங்க.

மரத்துப்போன நேரத்துல வலி நின்னு, பிறகு திரும்பி வந்தா பரிசோதனை வெற்றிதான். அடுத்தது பல்ஸ்டு ரேடியோ அலை: நரம்புப் பக்கத்துல 42 டிகிரிக்கு மேல போகாம விட்டுவிட்டுக் கொடுக்கறது, நரம்பைச் சுடறதில்ல. 80 டிகிரி வச்சு சுடறேன்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க. மலம், சிறுநீர் அடக்குற தசைக்கும் இதே நரம்புதான். அதுலயும் நிக்கலைன்னா நெருக்கத்தைத் தளர்த்துற ஆபரேஷன். 2005-ல வந்த நாந்த் ஆய்வுல ஒரு வருஷம் கழிச்சு ஆபரேஷன் செஞ்சவங்கள்ல 71.4 சதவீதமும் செய்யாதவங்கள்ல 13.3 சதவீதமும் தேறினாங்க. ஆனா சேர்ந்தது மொத்தமே 32 பேர். செய்யற கை தேர்ந்ததான்னு விசாரிங்க.

ஒண்ணு மட்டும்: ரெண்டு பக்கமும் மரத்துப்போறது, சிறுநீர் அடைக்கிறது, கால் பலவீனம், காய்ச்சலோட வலி, இதுல எது வந்தாலும் பிளாக் தேதிக்குக் காத்திருக்காம அன்னிக்கே ராமநாதபுரம் மெடிக்கல் காலேஜ் அவசரப் பிரிவுக்குப் போயிடணும்.

மண்டபம்_பிசியோ:
திரும்பி வரும்போது பஸ்ல மூணு நாலு மணி நேரம் குந்திட்டு வராதீங்க. ராமேஸ்வரம் ரயில்ல எழுந்து நடந்துக்கிட்டே வரலாம்.