சவுண்டெக்ஸுக்கு ஒரு தமிழ்ப் பெயர் (வெள்ளிக்கு முன்)

ஹட்டனிலிருந்து, டீச்சர்:

உயர்தர மாணவர்களின் செயற்றிட்டத்துக்குக் குறிப்பு எழுதுகிறேன். தோட்டத்துப் பெயர்ப் பதிவில் ஆளைத் தேடித் தரும் நிரல். லெட்சுமி என்று தட்டினால் லட்சுமி, இலட்சுமி, இலக்குமி எல்லாம் வர வேண்டும். சவுண்டெக்ஸ் (பெயரை ஒலிப்படி குறியாக்கும் முறை), லெவன்ஸ்டைன் (இரு சொற்களின் எழுத்து வேறுபாட்டை எண்ணும் முறை) இரண்டையும் ஒப்பிடச் சொல்கிறேன். முதலாவதற்கு 'ஒலிப்போலி முறை' என்று போட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சரிதானா?

பதுளையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

நல்ல சொல், மகள். அறம்–அறன், பந்தல்–பந்தர் கடைப்போலி; ஐந்து–அஞ்சு முற்றுப்போலி. எழுத்து மாறும், பொருள் மாறாது. உங்கள் நிரல் தேடுவதும் அதைத்தானே? 'போல்' என்னும் அடியிலிருந்து வந்தது போலி. பொலிவுக்கும் அதற்கும் உறவு உண்டு என்பது என் நெடுநாள் ஊகம். பொலி, பொன், பொற்பு என்று இந்த வரிசையை நீட்டிப் பாருங்கள்...

கண்டியிலிருந்து, நிரல் எழுதுபவன்:

சேர், பொன் வரைக்கும் உங்களோடு வர எனக்கு மூச்சில்லை. ஆனால் மலையகத்தில் பெயருக்குப் பக்கத்தில் போலியை வைக்காதீர்கள். எங்கள் ஆட்களுக்குப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறொன்று, செக்ரோலில் (தோட்டத்து வேலையாள் பதிவேட்டில்) இன்னொன்று. பெயரைச் சொன்னவர் தமிழில் சொன்னார். பதிந்தவர் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ காதில் விழுந்தபடி எழுதினார். 1948 குடியுரிமைச் சட்டம் தொடங்கி 2003 சட்டம் வரை காகிதத்தைக் காட்டித்தான் 'நான் இன்னார்' என்று நிறுவ வேண்டியிருந்த சனம் இது. சேமலாப நிதிக்காக வந்து நிற்கும் அம்மாவுக்குத் திரையில் 'போலிப் பெயர்' என்று காட்டினால் இலக்கணம் யாருக்கு நினைவு வரும்?

டீச்சர், இன்னொன்று. இரண்டும் வெவ்வேறு சாமான். சவுண்டெக்ஸ் 1918இல் அமெரிக்காவில் ரஸ்ஸல் காப்புரிமை பெற்றது. முதல் எழுத்தை அப்படியே வைத்து, உயிர்களையும் எச், டபிள்யூ, வை எழுத்துகளையும் தள்ளி, மற்ற மெய்களை ஆறு கூட்டமாக்கி மூன்று இலக்கம் தருகிறது. ஆங்கில எழுத்தில் செல்வராஜுக்கு எஸ்416. செல்வராணிக்கும் அதே எஸ்416! அண்ணனைத் தேடினால் தங்கச்சி வருகிறாள். எங்கள் பதிவுகளில் இருக்கும் லெட்சுமிக்கோ எல்325, லக்ஷ்மிக்கு எல்250. சேர வேண்டியது சேரவில்லை.

லெவன்ஸ்டைன் 1965இல் சொன்னது வேறு கணக்கு. எத்தனை எழுத்தைச் சேர்த்து, நீக்கி, மாற்றினால் ஒன்று மற்றதாகும் என்பது. கமலா–விமலா தூரம் 1. லட்சுமி–இலக்குமி தூரம் 3. இது காதில்லாத கணக்கு. எதை எண்ணுகிறோம் என்பதும் முக்கியம்: தலவாக்கலை–தலவாக்கொல்லை எழுத்தாக எண்ணினால் 2, கணினி சேமிக்கும் யுனிகோட் குறிகளாக (எழுத்து, துணைக்குறி, புள்ளி தனித்தனியாக) எண்ணினால் 3. பிள்ளைகள் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான்.

நான் செய்வது: ல ள ழ, ர ற, ன ண ந ஒவ்வொன்றும் ஒரே கூட்டம், ஜ–ச சேர், சொல் முதலில் ர, லவுக்கு முன் வரும் இகரத்தையும், அட்டன்–ஹட்டனுக்காக ஹகரத்தையும் கழற்று. அந்தக் குறியால் ஆட்களைத் திரட்டிய பிறகு, தூரத்தால் வரிசைப்படுத்து. ஆகவே 'மயங்கொலிக் குறி', 'திருத்தத் தூரம்' என்று இரண்டு சொல் போதும்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

மயக்கம் என்றால் தொல்காப்பியத்தில் குழப்பமில்லை, எழுத்துகள் கூடி நிற்பது. மெய்ம்மயக்கம் அதுதான். ஒலி குழம்புவதற்கு அதை எடுப்பது பிழை. அப்புறம் உங்கள் கூட்டத்தில் ர–ட இல்லை. நாங்கள் ரொறன்ரோ என்று எழுதுவோம், தமிழ்நாட்டில் டொராண்டோ. உங்கள் நிரலில் எங்கள் மாமா கிடைக்கமாட்டார்.

கண்டி:

ர–ட சரி, இன்றே சேர்க்கிறேன். மயக்கம் பற்றி: ல ள ழவை மயங்கொலி எழுத்துகள் என்று பிள்ளைகள் பள்ளியிலேயே படித்துவிட்டார்கள். தொல்காப்பியரைக் கேட்டுக்கொண்டு அவர்கள் பரீட்சை எழுதுவதில்லை.

பதுளை:

மோனையை ஏன் யாரும் நினைக்கவில்லை? இன மோனையில் ச–த, ஞ–ந, ம–வ ஓரினம். ஒலிகளைக் கூட்டமாக்கும் வேலையை யாப்பு ரஸ்ஸலுக்கு எவ்வளவோ முன்பே முடித்துவிட்டது. 'மோனைக் குறி' என்க.

கண்டி:

அழகுதான் சேர். ஆனால் மணியத்தைத் தேடினால் வடிவேலும் வந்து நிற்பார்.

ஹட்டன்:

எல்லோருக்கும் நன்றி. கண்டி சொன்ன 'மயங்கொலிக் குறி' பிள்ளைகள் பள்ளியில் படித்த சொல்லிலிருந்து வருகிறது. அதுவே போகிறது, முதல் தடவை மட்டும் அடைப்புக்குள் சவுண்டெக்ஸ். தலைப்பில் 'தொழில்நுட்பம்' என்றும் உள்ளே 'தொழினுட்பம்' என்றும் இருக்கிறது. எதை வைப்பது?

பதுளை:

தொழினுட்பமே. ல் முன் நகரம் வந்தால் னகரமாகும், விளக்கம் நாளை எழுதுகிறேன். மயங்கொலிக் குறிக்கு என் உடன்பாடு இல்லை என்பதையும் பதிந்துகொள்ளுங்கள்.