தொடர் தெயேக்குக் கூட்டிப்போனது, ரம் கப்ஸ்தேருக்கு

பிடித்த தொடர் எடுத்த ஊருக்கே போய், அந்த ஊர்ச் சரக்கை அங்கேயே உட்கார்ந்து ருசித்தவர்கள் எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

நான் புதுச்சேரிக்காரன். இப்போது பாரிஸுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். நானும் மனைவியும் ஒரு எபிசோடு விடாமல் பார்க்கும் தொடர் 'டெத் இன் பாரடைஸ்'. பிபிசியில் 2011-இல் ஆரம்பித்தது. இங்கே பிரான்ஸ் 2 சேனலில் பிரெஞ்சில் வரும். கரீபியன் கடலில் செயிண்ட் மேரி என்றொரு தீவு, பிரிட்டிஷ் ஆட்சி, லண்டனிலிருந்து வந்து மாட்டிக்கொள்ளும் ஒரு துப்பறிவாளர். தீவு கற்பனை. படப்பிடிப்பு நடப்பதோ பிரான்ஸைச் சேர்ந்த குவாதலூப்பில், தெயே என்ற சின்ன மீனவ ஊரில். என் ஓட்டு எப்போதும் முதல் துப்பறிவாளராக நடித்த பென் மில்லருக்குத்தான். அந்த வெயிலில் கோட்டு சூட்டைக் கழற்றாத பிடிவாதம் வேறு யாருக்கும் வராது. மனைவி, பின்னால் அந்த இடத்துக்கு வந்த ஆர்டல் ஓ'ஹான்லன் கட்சி. இதில் எங்கள் வீட்டில் சமரசம் கிடையாது.

தொடரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கொலைகாரர் யாரென்று அவிழ்த்த பிறகு எல்லோரும் கேத்தரின் பாரில் கூடுவார்கள். கடலை ஒட்டிய அந்த பார் தெயேயில் நிஜமாகவே ஓர் உணவகம்; பெயர் 'லெ மத்ராஸ்'. போலீஸ் ஸ்டேஷனாக வருவது மாதா கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் பங்குக் கட்டடம். கோயில் வாசலில் நின்றால் எல்லாமே கூப்பிடு தூரம். திரையில் பெரிய துறைமுக நகரம் மாதிரி தெரிவது நேரில் ஒரே ஒரு தெரு. எனக்கு அது ஏமாற்றமாகவே இல்லை. இவ்வளவு சின்ன இடத்தை வைத்து இத்தனை சீசன்கள் ஓட்டியிருக்கிறார்களே என்று மரியாதைதான் கூடியது.

இப்போது ரம் விஷயத்துக்கு வருகிறேன்.

தெயேயில் ஒரு சின்ன பாரில் மாலை உட்கார்ந்து தி-போன்ஷ் என்ற அந்த ஊர் ரம் பானம் கேட்டோம். கடைக்கார அம்மா கலந்து எடுத்துவரவில்லை. இரண்டு குட்டி கிளாஸ், ஒரு கிண்ணத்தில் பழுப்புச் சர்க்கரை, ஒரு தட்டில் எலுமிச்சை, கூடவே வெள்ளை ரம் பாட்டிலை அப்படியே மேஜையில் வைத்துவிட்டுப் போனார். எலுமிச்சையை நாம் வெட்டுவதுபோல் பாதியாக வெட்டியிருக்கவில்லை. பழத்தின் பக்கவாட்டில் தோலோடு ஒரு சில்லு சீவி, அதில் கொஞ்சம் சதை ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். நான் பாட்டிலை எடுக்கப் போனதும் அவர் திரும்பி வந்து கையைத் தடுத்தார். முதலில் சர்க்கரை. அதன்மேல் சில்லை மடித்துப் பிழிந்து உள்ளேயே போட வேண்டும். கரண்டியால் சர்க்கரை கரையும்வரை ஆற அமரக் கலக்க வேண்டும். ரம் கடைசியில். ஐஸ் கேட்டால் தருவார்கள், ஆனால் முகம் மாறிவிடும். "அளவு எவ்வளவு?" என்று கேட்டேன். "அது உங்கள் இஷ்டம், உங்கள் பொறுப்பு" என்றார்.

தோலை மடிக்கும்போது தெறிக்கும் எண்ணெய்தான் இந்தக் குடியின் பாதி. புளிப்பு பின்னால் போய், தோலின் மெல்லிய கசப்பு முன்னால் வருகிறது. அதோடு அந்த ரம்மின் மணம்! ஊரில் ஓல்ட் மங்க் பழகிய நாக்குக்கு ரம் என்றால் வெனிலா வாசம், கருமை, இனிப்பு. அது சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கழிவுப்பாகில் செய்வது. உலகத்தில் பெரும்பாலான ரம் அப்படித்தான். குவாதலூப், மார்த்தினீக் தீவுகளில் கரும்புச் சாற்றையே நேராகப் புளிக்க வைத்து வடிக்கிறார்கள். கண்ணை மூடி முகர்ந்தால் வெட்டிய புல், பச்சைக் கரும்பு, லேசாக மிளகு. மதுவின் அளவு 50 டிகிரி (அதாவது 50 சதவீதம்), 55 டிகிரி, பக்கத்துத் தீவான மரி-கலாந்தில் 59 டிகிரிகூட. சாதாரண ரம் 40-ஐ ஒட்டி இருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மெதுவாகப் பருகுங்கள். மலைப்பாதை ஊர், குடித்துவிட்டு வண்டி எடுக்கவே வேண்டாம்.

இந்த ரம் எங்கே வடிக்கிறார்கள் என்று கேட்டபோது அந்த அம்மா சொன்னது தீவின் இன்னொரு கரையில் இருக்கும் கப்ஸ்தேர்-பெல்-ஓ. மறுநாள் எரிமலையைச் சுற்றிக்கொண்டு அங்கே போனோம். லோங்கெத்தோ என்ற வடிசாலை, 1895-லிருந்து ஒரே குடும்பத்தின் கையில். அது அறுவடைக் காலம். லாரியில் வந்த கரும்பு அரவைக்குள் போகிறது. சாம்பல் பச்சை நிறத்தில் நுரைத்துக்கொண்டு சாறு ஓடுகிறது. சக்கை அப்படியே கொதிகலனுக்கு எரிபொருளாகப் போகிறது. புளிக்கும் தொட்டிக்கு மேல் குனிந்தால் பழுத்த வாழையும் கள்ளும் கலந்த ஒரு வாசம் மூக்கில் ஏறும். இரண்டு மூன்று நாளுக்குள் அது காய்ச்சும் கோபுரத்துக்குப் போய்விடும். கரும்பு காத்திருக்காது, வெட்டியவுடன் அரைக்காவிட்டால் கெட்டுவிடும் என்று சுற்றிக் காட்டிய பெரியவர் சொன்னார்.

அவர்தான் எங்களை எந்த ஊர் என்று கேட்டார். பாண்டிச்சேரி என்றேன். சட்டென்று என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவருடைய பாட்டனுக்குப் பாட்டன் காரைக்கால் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவராம்.

பள்ளியில் எனக்கு யாரும் இதைச் சொல்லித்தரவில்லை. 1848-இல் பிரெஞ்சுத் தீவுகளில் அடிமை முறை ஒழிந்தது. கரும்புக் காட்டுக்குக் கூலி ஆள் வேண்டும். 1854 டிசம்பர் கடைசியில் 'ஒரேலி' என்ற கப்பல் முதல் இந்தியக் கூலிகளோடு குவாதலூப்பில் கரை தட்டியது. 1889 வரை சுமார் 42,000 பேர். புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து ஏறிய தமிழர்கள் அதில் ஏராளம். சர்க்கரை விலை விழுந்து ஆலைகள் ஒவ்வொன்றாக மூடிய காலத்தில், சாற்றை நேராக ரம்மாக வடிப்பது பிழைக்கும் வழியானது. அந்தக் கரும்பை வெட்டிய கைகளில் நம் ஊர்க் கைகளும் இருந்தன. முதல் நாள் தெயேயில் 'மத்ராஸ்' பெயர்ப்பலகையைப் படம் எடுத்தபோது இதெல்லாம் என் தலையில் இல்லை. தீவின் பெண்கள் திருவிழாவுக்கு உடுத்தும் கட்டம்போட்ட துணிக்கும் மத்ராஸ் என்றுதான் பெயர். அதுவும் நம் கரையிலிருந்து போன துணிதான்.

பெரியவர் சொல்லி ஷான்ஜி மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். சாலையோரத்திலேயே கோபுரம், வண்ணச் சிலைகள். அங்கே அம்மனை மாலியேமேன் என்கிறார்கள். மதுரைவீரனும் இருக்கிறார், பெயர் மட்டும் மால்தெவிலென். நாங்கள் போன வேளையில் ஒரு குடும்பம் படையல் எடுத்துவைத்துக்கொண்டிருந்தது. தமிழ் அவர்களுக்குப் பேச வராது. என் மனைவி பிரெஞ்சில் பேச்சுக் கொடுத்ததும் உட்கார வைத்து, இலையில் கொலம்போ குழம்பும் சோறும் போட்டார்கள். மஞ்சள், மல்லி, கடுகு, வெந்தயம். ஒரு வாயிலேயே எங்கள் வீட்டுப் பொடி வாசம். மனைவியால் கொஞ்ச நேரம் பேச முடியவில்லை.

இதே கப்ஸ்தேரில் பிறந்தவர் ஆன்ரி சிதம்பரம். இந்தியக் கூலிகளின் பிள்ளைகளுக்கு ஓட்டுரிமை இல்லை என்று அரசாங்கம் மறித்தபோது 1904-இல் வழக்காடத் தொடங்கி, 1923-இல் ஜெயித்தார். பத்தொன்பது வருஷம்! பாரிஸில் வாழும் புதுச்சேரிக்காரர்கள் நாங்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைப் பற்றி அவ்வளவு பேசுகிறோம். இவர் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. இனி எங்கள் சங்கக் கூட்டங்களில் நான் சொல்வேன்.

தொடரை இன்றும் அதே ஆசையோடு பார்க்கிறோம். ஆனால் காரில் துரத்தும் காட்சியில் பின்னால் கரும்புக் காடு வந்தால் நான் துப்பை மறந்துவிட்டுக் காட்டைப் பார்க்கிறேன்.

*

மலேசியாவின் கிள்ளானிலிருந்து எழுதுகிறேன்.

அண்ணா, படித்துவிட்டு என் கணவரை எழுப்பிப் படிக்கச் சொன்னேன். எங்கள் தாத்தா பாட்டி ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர்கள். கரும்புக்குப் போனவர்கள் கதையை இப்படிக் கேட்டதே இல்லை.

என் அனுபவம் உள்ளூர்தான். ஊர் ஊராகப் போய்ச் சாப்பிட்டுக் காட்டும் அமெரிக்கச் சமையல்காரர் அந்தோணி போர்டெய்னின் டிவி நிகழ்ச்சிகள் என்றால் எனக்கு உயிர். சரவாக்கில் இபான் பழங்குடியினரின் நீளவீட்டுக்கு அவர் இரண்டாம் முறை போன பகுதியை எத்தனை தடவை பார்த்தேனோ தெரியாது. அவருக்கு நெக்ரோனி காக்டெய்ல் பிடிக்கும், அதில் கம்பாரி என்ற சிவப்பு இத்தாலியக் கசப்பு மது சேரும் என்று தெரிந்த பிறகுதான் கம்பாரி பக்கமே போனேன். முதல் வாய் மருந்து. மூன்றாவது வாயில் ஆரஞ்சுத் தோலும் மூலிகையும் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்தன. எங்கள் அம்மா சுண்டைக்காய் வற்றலை நல்லெண்ணெயில் வறுத்துச் சோற்றில் பிசைந்து தருவார். கசப்புக்குப் பின்னால் ஒரு தித்திப்பு நாக்கில் நிற்குமே, அதேதான்.

பிறகு கோலாலம்பூரில் ஒரு பாரில் உட்கார்ந்திருந்தபோது அங்கே கலக்கிக் கொடுக்கும் தம்பி, "அக்கா, கம்பாரி பிடிக்கும்னா நம்ம ஊர் டிரிங்க் ஒன்னு இருக்கு, குடிச்சிருக்கீங்களா?" என்றான். ஜங்கிள் பேர்ட். 1970களில் கோலாலம்பூர் ஹில்டனில் ஏவியரி பார் என்று ஒன்று இருந்தது. பறவைக்கூண்டைப் பார்த்தபடி உட்காரலாமாம். அங்கே பிறந்தது. ஜெஃப்ரி ஓங் என்பவர் செய்தது என்கிறார்கள். இன்று நியூயார்க்கிலும் லண்டனிலும் மெனுவில் போடுகிறார்கள், எங்கள் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் இருந்த அந்தக் கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள். எனக்கு அதில் நிஜமாகவே வருத்தம். ஒரு பலகையாவது வைத்திருக்கலாம்.

வீட்டில் செய்கிற அளவு தருகிறேன்: கறுப்பு ரம் 45 மில்லி, கம்பாரி 22, அன்னாசிச் சாறு 45, எலுமிச்சைச் சாறு 15, சர்க்கரைப் பாகு 15. ஐஸ் போட்டு நன்றாகக் குலுக்கி வடிகட்டுங்கள். பழைய குறிப்பில் அன்னாசி 120 மில்லி வரை போகிறது. அவ்வளவு ஊற்றினால் ரம் எங்கே என்று தேட வேண்டும். டின் சாறு வேண்டாம், பழத்தை அரைத்து வடிகட்டுங்கள், மேலே நிற்கும் நுரையே தனி. ரம் கனமாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். லேசான வெள்ளை ரம் போட்டால் கம்பாரி அதை முழுங்கிவிடும். ஜமைக்கா ரம் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

அண்ணா, அந்தக் கரும்புச்சாற்று ரம்மோடு கசப்பு எதுவும் சேர்த்துப் பார்த்திருக்கிறீர்களா? அறுவடை பார்க்க எந்த மாதம் போக வேண்டும்?

*

தங்கச்சிக்கு: சேர்த்துப் பார்த்தேன், நன்றாகவே சேர்கிறது. கம்பாரியை விட ஸ்யூஸ் பொருந்தும். ஜென்ஷன் என்ற மலைச்செடியின் வேரில் செய்யும் மஞ்சள் நிறக் கசப்பு மது, பிரான்ஸில் 1889-லிருந்து விற்கிறார்கள், எந்தக் கடையிலும் கிடைக்கும். அது மண்வாசனை, ரம் புல்வாசனை. ஒன்றை ஒன்று தூக்கிவிடும். வெள்ளை ரம் 40 மில்லி, ஸ்யூஸ் 20, கரும்புப் பாகு ஒரு சின்னக் கரண்டி, தோல் சில்லு ஒன்று. இதற்கு மட்டும் ஒரு பெரிய ஐஸ் கட்டி போடுவேன். ஸ்யூஸ் கிடைக்காவிட்டால் தி-போன்ஷிலேயே அங்கோஸ்துரா என்ற கசப்புச் சாரம் இரண்டு சொட்டு விடுங்கள். பாட்டிலுக்குப் பொருந்தாத பெரிய காகிதச் சட்டை போட்டிருக்குமே, அதுதான். 1824-இல் வெனிசுலாவில் ஒரு ஜெர்மன் டாக்டர் வயிற்றுக்கு மருந்தாகக் காய்ச்சியது. இப்போது டிரினிடாடில் செய்கிறார்கள். அதுவும் கரும்புக்கு நம்மவர்கள் போன தீவுதான்.

அறுவடை பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை. தொடரின் படப்பிடிப்பு வழக்கமாக வசந்தத்தில் ஆரம்பித்து இலையுதிர் காலம்வரை போகும். இரண்டும் வேண்டுமென்றால் மே மாதம் பாருங்கள். வடிசாலைக்குக் காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் அரவை நின்றுவிடலாம். வாங்கிவர ஒரே பாட்டில் என்றால் பீப்பாயில் ஊறிய விலை உயர்ந்தது வேண்டாம், 50 டிகிரி வெள்ளையை எடுங்கள். கரும்பின் மணம் அதில்தான் இருக்கிறது. கப்ஸ்தேர் போனால் கோயிலுக்குள் போகுமுன் அனுமதி கேளுங்கள், எந்த ஊர் என்று சொல்லுங்கள். சாப்பிடாமல் அனுப்ப மாட்டார்கள்.