அம்மாவோட டாவ் ஸ்கேன்ல நட்டநடுவுல செவப்பா இருக்கே?

கடைசிமகன்:
நியூஜெர்சில இருக்கேன். அம்மாவுக்கு 71 வயசு, ரெண்டு வருஷமா மறதி. போன மாசம் ரசத்துக்கு ரெண்டு தடவ புளி கரைச்சு ஊத்திட்டு, மூணாவதா உருண்டை எடுத்து ஊறப்போட்டாங்க. அமிலாய்ட் (அல்சைமர்ல மூளைல படியற ஒரு புரதம்) பெட் ஸ்கேன் பாசிடிவ். இப்போ டாவ் ஸ்கேனும் எடுத்தாச்சு (நம்ம சென்னை டாவு இல்ல, அல்சைமர்ல மூளைல சேர்ற இன்னொரு புரதம்). டாக்டரைப் பாக்க இன்னும் 12 நாள் இருக்கு, அதுக்குள்ள போர்ட்டல்ல படமும் ரிப்போர்ட்டும் வந்துடுச்சு. மூளைக்கு நடுவுல ரெண்டு பக்கமும் செக்கச்செவேல்னு இருக்கு. ரிப்போர்ட்டோ "மிதமான அல்சைமர் வகை"ங்குது. இதுவா மிதம்? ராத்திரி பூரா அதையே பாத்துட்டிருக்கேன்.

பெட்டிக்காரன்:
தம்பி, மொதல்ல படத்த மூடுங்க. நான் நியூக்ளியர் மெடிசின்ல டெக்னாலஜிஸ்ட். ஊசி போட்டு படம் எடுக்கறது என் வேலை, டாக்டர் இல்ல.

நீங்க பாக்கற நடுச்செவப்பு பேசல் கேங்ளியா, மூளையோட ஆழத்துல இருக்கற ஒரு பகுதி. 2020ல எஃப்டிஏ (அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) அனுமதிச்ச ஃப்ளோர்டாசிபிர்ங்கற ஸ்கேன் ஊசிதானே போட்டாங்க? அது டாவ்ல மட்டும் ஒட்டற மருந்து இல்ல. மறதியே இல்லாத பெரியவங்களுக்கும் அந்த எடம் பளிச்சுனு வரும். நடுமூளையில கருப்பு நிறமி இருக்கற எடத்துலயும் போய் ஒட்டிக்கும். படிக்கறவங்க இதையெல்லாம் கண்டுக்க மாட்டாங்க, அவங்க கண்ணு ஓரத்துல, புறணியில, அதாவது மூளையோட வெளி அடுக்குல. சிறுமூளைய அளவா வச்சுக்கிட்டு, பொட்டுப் பகுதியோட பின்பக்கமும் பிடரிப் பக்கமும் ஏறியிருக்கானு பாப்பாங்க. அதோட நின்னா மிதம். அங்கேருந்து உச்சி, நெத்தினு பரவியிருந்தா முற்றினது. எவ்ளோ தூரம் பரவியிருக்குங்கறதுதான் கணக்கு.

கடைசிமகன்:
உயிர் வந்துச்சு அண்ணா. ஆனா அமிலாய்டே பாசிடிவ்னா இது எதுக்கு?

பெட்டிக்காரன்:
அமிலாய்ட் மறதிக்குப் பதினஞ்சு இருவது வருஷம் முன்னாடியே படிய ஆரம்பிச்சுடும். ஆளோட தடுமாற்றத்தோட கூடவே ஏறறது டாவ்தான், அது சேந்த எடந்தான் பின்னால சுருங்குது. டோனனெமாப்னு அமிலாய்ட நீக்கற மருந்து ஒண்ணு இருக்கு, அதோட ட்ரையல்ல டாவ் ஸ்கேன வச்சுத்தான் ஆளுங்கள ரெண்டாப் பிரிச்சாங்க. டாவ் கொறைவு, நடுத்தரம் இருந்தவங்களுக்கு மருந்து நோயோட வேகத்தக் கூடுதலாக் கொறைச்சுச்சு. 2024 ஜூலைல அனுமதி வந்தது. உங்க டாக்டர் மனசுல இதுதான் ஓடுதோ என்னவோ, கேளுங்க. ஏபிஓஇ ஜீன் டெஸ்ட் பண்ணியாச்சானும் கேளுங்க. அந்த ஜீன்ல ஈ4ங்கற வகை ரெண்டு பிரதி இருக்கறவங்களுக்கு இந்த மருந்தால மூளைல வீக்கம், ரத்தக்கசிவு வர வாய்ப்பு அதிகம்.

டல்லாஸ்_மருமக:
எங்க அத்தைக்கு டாவ் நெகட்டிவ்னு வந்தது. வீட்ல எல்லாரும் கேசரி கிண்டாத குறை. அப்புறம் டாக்டர் சொன்னார், ஞாபகப் பகுதியை ஒட்டி மட்டும் இருக்கற ஆரம்பகால டாவ நெகட்டிவ்லதான் சேப்பாங்களாம். அதனால நோயே இல்லைனு அர்த்தமில்லையாம்.

அன்னிக்கு ஊசிக்கப்புறம் 80 நிமிஷம் காத்திருந்தோம். "ஊசி போட்டாச்சாம்மா?"னு பதினோரு தடவ கேட்டாங்க. ஒவ்வொரு தடவையும் முழங்கை மடிப்புல இருந்த பஞ்சக் காட்டினேன். படம் எடுக்க அதுக்கு மேல ஒரு 20 நிமிஷம். பெட்டிக்காரரே, தலைய ஆட்டாம எப்படித்தான் படுக்க வைக்கறீங்க?

பெட்டிக்காரன்:
நெத்தில ஒரு பட்டை கட்டுவோம். என் ராசி, ஒரு பாட்டியம்மா கந்த சஷ்டி கவசம் சொல்லிட்டே அசையாம படுத்திருந்தாங்க. ஒரு வரி தப்பல. அன்னிக்கு என்ன கிழமைனு கேட்டா தெரியல.

கடைசிமகன்:
ஏபிஓஇ டெஸ்ட் பண்ணல. காலைல போன் பண்றேன். அம்மா புளி டப்பாவ மேல் தட்டுல வச்சுட்டேன்னு என்கிட்ட கோவமா இருக்காங்க.