பத்து பெரிங்கியில் இன்னும் ஹோட்டல் தேவையா?

கரையோரம்: பினாங்குக் கடற்கரையான பத்து பெரிங்கியில் புது ஹோட்டலுக்கு அனுமதியே கூடாது என்பது என் கட்சி. 300 அறை என்று வையுங்கள். சாப்பாட்டுக்கூடம், சலவை உள்ள ஹோட்டலுக்கு மலேசியக் கணக்கு அறைக்கு 4 ஆள், ஆளுக்கு நாளொன்றுக்கு 225 லிட்டர் கழிவுநீர். ஆக 270,000 லிட்டர். எங்கே போகும்?

அறைச்சாவி: சுத்திகரிப்புக்குத்தான் போகும், அண்ணே. 2009 கழிவுநீர் விதிமுறையில் பி தரம் என்றால் பிஓடி (அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர் இழுக்கும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 50 மில்லிகிராம், ஏ தரம் 20. கடலோரத்துக்கும் 20 கேளுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். அனுமதியை நிறுத்தினால் பயணிகள் வராமலா போவார்கள்? காண்டோ வாடகைக்கு எடுப்பார்கள்.

கரையோரம்: தாளில் 20, குழாயில் எவ்வளவு? கரண்ட் பில்லுக்குப் பயந்து ராத்திரி காற்று ஊதும் புளோவரை நிறுத்தினால் தொட்டியில் ஆக்சிஜன் தீர்ந்து தண்ணீர் கறுக்கும், அழுகிய முட்டை நாற்றம் வரும். காலையில் திரும்பப் போட்டதும் அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர் தேறிவிடாது. பள்ளி விடுமுறையில் 7 மணிக்கு எல்லா அறையிலும் ஷவர் திறக்கும். வரத்தைத் தேக்கிச் சீராக விடும் சமன்தொட்டி சிறிசாக இருந்தால் தெளிதொட்டியில் படிந்த சேறு அப்படியே அடித்துக்கொண்டு வெளியே வரும்.

மழைக்காவாய்: இரண்டு பேரும் லோங்காங்கை, அதான் தெருவோர மழைக்காவாயை, மறந்துவிட்டீர்கள். சாப்பாட்டுக் கடைக்காரர் அதில் ஊற்றுவது எந்தச் சுத்திகரிப்புக்கும் போகாது, நேரே மணலுக்குத்தான். கொழுப்பைப் பிடித்துவைக்கும் கிரீஸ் டிராப் இருந்தாலும் பாத்திரம் கழுவிய கொதிநீரை அப்படியே விட்டால் கொழுப்பு உருகித் தாண்டிப் போகும், அடுத்த வளைவில் உறைந்து அடைக்கும். கொழுப்பும் வண்டலும் சேர்ந்து டிராப்பின் ஆழத்தில் கால்வாசி வந்தாலே வாரிவிட வேண்டும். "தண்ணிதான் போகுதே" என்பார்கள். போவதே கொழுப்புதான்!

அறைச்சாவி: அதற்குத்தான் வழி இருக்கிறதே. 2014இல் மாநிலம் அறைக் கட்டணம் கொண்டுவந்தது: 3 நட்சத்திரம் வரை 2 ரிங்கிட், அதற்கு மேல் 3. அதில் ஒரு பங்கைக் கடை வரிசைக்குப் பொது கிரீஸ் டிராப் வைக்கக் கொடுக்கலாம்.

கரையோரம்: கொடுக்கட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் தண்ணீர் மாதிரியை ஆளில்லாத செவ்வாய்க்கிழமை மத்தியானம் எடுக்கக் கூடாது. விடுமுறைக் காலை 9 மணிக்கு எடுத்து, அதில் தேறிய பிறகே அடுத்த கட்ட அறைகளுக்கு அனுமதி. மணற்கரைக்கு 60 மீட்டர் தள்ளிக் கட்டு என்று வடிகால் இலாகா சொல்வதிலும் விட்டுக்கொடுப்பு கூடாது. அலை முட்டும் இடத்தில் சுவர் எழுப்பினால் எதிரடி மணலை அரித்துவிடும். ஹோட்டல் நிற்கும், கடற்கரை இருக்காது.

அறைச்சாவி: 60 மீட்டர் சரி. அடுத்த கட்டம் ஒரு காலை மாதிரியில் தொங்கினால் எந்த பேங்க் கடன் கொடுக்கும்?

மழைக்காவாய்: சமன்தொட்டியை முதல் கட்டத்திலேயே முழு அறைக் கணக்குக்கும் கட்டச் சொல்லுங்கள், தம்பி. அந்தச் செலவையும் சேர்த்துக் கடன் கேட்கட்டும்.