நாலு ஊரிலிருந்து பாடிய கிறிஸ்துமஸ் பாட்டு ஒட்ட மாட்டேன் என்கிறது, உதவுங்கள்

நெல்லைடெனர்:
காலேஜ் கொயரில் ஒன்றாகப் பாடிய நாங்கள் நாலு பேர் இப்போது பாளையங்கோட்டை, சென்னை, பெங்களூரு, குவைத் என்று சிதறிக் கிடக்கிறோம். இந்த வருஷம் ரெண்டு பாட்டு பதிவு செய்கிறோம். ஒன்று நக்கல், 'ஜிங்கிள் பெல்ஸ்' மெட்டில் கேரல் ரவுண்ட்ஸ் கதை: நடு ராத்திரி ஒரு மணிக்குக் கதவைத் தட்டி, தூக்கக் கலக்கத்தில் வருகிற வீட்டுக்காரரிடம் டீ வாங்கிக் குடித்து, அதற்கு மேல் இறங்காத பிளம் கேக்கை கிறிஸ்துமஸ் தாத்தாவின் பைக்குள் தள்ளுவது வரை. இன்னொன்று நாங்களே எழுதியது, லீவு கிடைக்காத குவைத்துக்காரன் அவன் அம்மாவுக்குப் பாடுவது.

நான் கீபோர்டில் வாசித்து அனுப்பிய டிராக்குக்கு எல்லோரும் போனில் பாடி வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜாக அனுப்பினார்கள். ஆடாசிட்டியில் (ஒலியை வெட்டி ஒட்டுகிற மென்பொருள்) வைத்தால் பெங்களூருக்காரன் முதல் வரியிலிருந்தே பிந்துகிறான். சென்னைக்காரி சரியாக ஆரம்பித்து, மூன்றாம் சரணத்தில் எங்களை விட்டுவிட்டு முன்னால் போய்விடுகிறாள். குவைத் குரலுக்குப் பின்னால் ஏசி உறுமுகிறது. என்ன செய்யலாம்?

ஒலிப்பெட்டி:
தம்பி, இது ரெண்டு வேறு வியாதி. முதலிலிருந்து கடைசிவரை ஒரே அளவு பிந்தினால் அநேகமாக ப்ளூடூத் ஹெட்செட். டிராக் அவர் காதுக்கே தாமதமாகப் போகிறது, அதற்குத்தான் அவர் ஒழுங்காகப் பாடுகிறார். கிளிப்பை இழுத்து முன்னால் தள்ளினால் சரி. போகப் போக விலகினால் பாடுகிறவர் டிராக்கைக் கேட்கவில்லை, மனப்பாடத்தில் பாடுகிறார் என்று அர்த்தம். அதை இழுத்துத் தைக்காதீர்கள், வயர் ஹெட்போனில் திரும்பப் பாடச் சொல்லுங்கள். டிராக்கின் தொடக்கத்தில் நாலு கிளிக் வையுங்கள், எல்லோரும் அந்தக் கிளிக்கோடு சேர்ந்து கைதட்டட்டும். கைதட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் குரல்களும் உட்கார்ந்துவிடும்.

அப்புறம், வாய்ஸ் மெசேஜ் வேண்டவே வேண்டாம், பேச்சுக்காகச் சுருக்கப்பட்ட ஒலி அது. ரெக்கார்டர் ஆப்பில் வேவ் (WAV, சுருக்காத ஒலி) கோப்பாக எடுத்து டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். மோனோ, அதாவது ஒரே சேனல் என்றால் நிமிஷத்துக்கு சுமார் 5 எம்பி, அவ்வளவுதான்.

நெல்லைடெனர்:
அண்ணா, பெங்களூருக்காரனிடம் கேட்டேன், ப்ளூடூத்தேதான்! சென்னைக்காரி மட்டும் "என் தாளம் சரி, உன் கீபோர்டுதான் இழுக்குது" என்று சண்டைக்கு வருகிறாள். ஏசி? அங்கே ஒரே ரூமில் ஆறு பேர், அணைத்தால் அடி விழும்.

ஒலிப்பெட்டி:
அணைக்க வேண்டாம். பாடுவதற்கு முன் அஞ்சு வினாடி சும்மா இருக்கச் சொல்லுங்கள், அந்தத் துண்டைக் காட்டித்தான் நாய்ஸ் ரிடக்‌ஷனுக்கு எது இரைச்சல் என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். 6 முதல் 12 டெசிபல் வரை குறைத்தால் போதும். மேலே போனால் தண்ணிக்குள் பாடுவது போல ஆகிவிடும். துணி நிறைந்த அலமாரியைத் திறந்து அதைப் பார்த்துப் பாடினால் எதிரொலியும் குறையும்.

கொயர்அக்கா:
டெக்னிக்கல் விஷயம் அவர் சொல்லிவிட்டார், நான் பாட்டைப் பற்றிச் சொல்கிறேன். அம்மா பாட்டில் குவைத் தம்பி முதல் சரணத்தைத் தனியாகப் பாடட்டும், கீபோர்டுகூட வேண்டாம். மற்ற மூன்று பேரும் ரெண்டாம் சரணத்தில் மெதுவாக 'ஆ' மட்டும் பிடித்தால் போதும். அவர் மூச்சு வாங்குவதை வெட்டிவிடாதீர்கள்ப்பா, அம்மாவுக்கு அதுதான் பிள்ளை குரல். நக்கல் பாட்டில் யாராவது சிரித்திருந்தால் வரிகளின் மேல் விடாதீர்கள், கேக் ஜோக்கே கேட்காமல் போய்விடும். அதை நறுக்கி சரணங்களுக்கு நடுவில் போடுங்கள்.

நெல்லைடெனர்:
யூடியூபில் போட்டால் காப்பிரைட் வருமா?

ஒலிப்பெட்டி:
'ஜிங்கிள் பெல்ஸ்' மெட்டு ஜேம்ஸ் லார்ட் பியர்பான்ட் 1857-இல் வெளியிட்டது, அவர் இறந்தது 1893-இல். நம் சட்டத்தில் ஆசிரியர் இறந்து 60 வருஷம்தான் உரிமை, அதனால் கவலையில்லை. யாரோ போட்ட கரோக்கியை எடுத்திருந்தால்தான் சிக்கல், அந்தப் பதிவுக்குத் தனி உரிமை உண்டு. நீங்களே வாசித்திருக்கிறீர்கள். யூடியூப் தானாக யாருக்காவது உரிமை என்று க்ளெய்ம் காட்டினால், அதை மறுத்து டிஸ்ப்யூட் போடுங்கள்.

நெல்லைடெனர்:
புது ஃபைல்கள் வந்தாச்சு, கைதட்டு வைத்து ஒட்டினேன், மூன்று குரல் கச்சிதம். சென்னைக்காரி இன்னும் வயர் ஹெட்போன் தேடிக்கொண்டிருக்கிறாள்.

கொயர்அக்கா:
கீபோர்டு இழுக்கிறதா என்று நீங்களும் ஒரு தடவை மெட்ரோனோம் (சீராகத் தாளம் தட்டுகிற கருவி) வைத்துப் பார்த்துவிடுங்கள் தம்பி.