மூன்றாவது மின்கம்பம்
(கால் இரத்தநாள அடைப்பு பற்றிப் பேசும் ஒரு குழுவின் பதிவுகள்)

தஞ்சாவூர் மகள்:
அப்பாவுக்கு 68 வயது. பால் வாங்கப் போகும்போது மூன்றாவது மின்கம்பத்தில் நின்றுவிடுவார். அங்கே ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியை வாசிப்பதுபோல் ஒரு பாவனை. இரண்டு நிமிடம் கழித்து மறுபடி நடப்பார். கேட்டால், கெண்டைக்காலில் நரம்பு இழுக்கிறதாம். ஓராண்டு தைலம் தேய்த்தோம். பிறகு நரம்பு மருத்துவரிடம் போனோம். நம் பேச்சில் இரத்தநாளமும் நரம்புதானே, வாசல் மாறிப்போயிற்று! அவர் பாதத்தின்மேல் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, இடக்காலில் துடிப்பு இல்லை என்று இரத்தநாள நிபுணரிடம் அனுப்பினார்.

கையிலும் கணுக்காலிலும் இரத்த அழுத்தம் எடுத்தார்கள். கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்து, 0.9 அல்லது அதற்குக் கீழே வந்தால் தமனி அடைப்பு. அப்பாவுக்கு 0.62. மாத்திரைகளோடு அவர்கள் சொன்ன வைத்தியம் நடைதான்: வலி வரும்வரை நட, நில், மறுபடி நட. நடக்க முடியாதவரை நடக்கச் சொல்கிறார்களே என்று எனக்குக் கோபமே வந்தது. மூன்று மாதம் ஆகிறது, இப்போது ஏழாவது கம்பம் வரை நிற்காமல் போகிறார்.

கோவில்பட்டி அண்ணன்:
என் தம்பிக்கு 34 வயதிலேயே வந்தது. கொழுப்பு அடைப்பு அன்று, புகையிலையால் கை கால் இரத்தநாளங்கள் அழன்று அடைபடும் பர்ஜர் நோய். தினமும் இரண்டு கட்டு பீடி. இரவில் கட்டிலிலிருந்து காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தே தூங்குவான். அப்படித் தொங்கவிட்டால்தான் இரத்தம் கொஞ்சமாவது இறங்கும். கால் சுண்டுவிரலை எடுத்த பிறகும் கழிப்பறையில் ஒளிந்து பற்றவைத்தான். மருத்துவர் திட்டவில்லை. மீதி விரல்களை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டினார்.

இருபதாண்டுச் சர்க்கரை:
எனக்கு அதே சோதனையில் 1.45 வந்தது. ஒன்றைத் தாண்டிவிட்டதே என்று மகிழ்ச்சியாக வீடு திரும்பினேன். தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து இறுகினால் அழுத்தம் பார்க்கும் பட்டையால் அமுக்க முடியாது, எண் பொய்யாக ஏறும் என்று பிறகுதான் சொன்னார்கள். கால் கட்டைவிரலில் அழுத்தம் பார்த்தபோது அடைப்பின் குட்டு வெளிப்பட்டது. அதற்குள், கால் சில்லிட்டிருக்கிறதே என்று வெந்நீர்ப் பை வைத்துக் கொப்புளம் வேறு. சர்க்கரையால் கால் மரத்திருந்ததில் சுட்டதே தெரியவில்லை. ஆற ஐந்து மாதம் ஆயிற்று.

புது உறுப்பினர்:
என் மாமியாருக்கும் நடந்தால் கால் வலிக்கிறது. முதுகெலும்புக் கோளாறு என்கிறார்கள். எப்படிப் பிரித்தறிவது?

தஞ்சாவூர் மகள்:
மருத்துவர் என்னிடம் கேட்ட கேள்வியையே கேட்கிறேன். அப்பாவுக்கு நின்றாலே வலி போய்விடும். என் அத்தைக்கு முதுகெலும்பில்தான் சிக்கல், அவர் உட்கார்ந்தால்தான், அல்லது முன்னால் குனிந்தால்தான் தணியும். உங்கள் மாமியார் என்ன செய்கிறார்?