தரையடியில் பாறை: கோழிக்கூண்டுக்கு வலையைப் புதைக்க வழி சொல்லுங்கள்

கூண்டு 4க்கு 6 அடி, கோழிகள் ஆறு. அறுகோணக் கண் கோழிவலையைக் கழற்றியாச்சு. அது கோழியை உள்ளே நிறுத்தும், மரநாயை வெளியே நிறுத்தாது. இழுத்தால் முறுக்கு பிரிந்துவிடும். இப்போது அரை அங்குலச் சதுரக் கண் வெல்டு மெஷ் (கம்பிகளைப் பற்றவைத்த வலை). வளைவு ஆணி பிடுங்கிக்கொண்டு வரும் என்பதால் திருகாணியும் அகல வாஷரும், ஆறு அங்குலத்துக்கு ஒன்று. கூரைக்கடியில் காற்றுச் சந்துக்கும் அதே வலை (பலரும் கோட்டை விடுவது அங்கேதான்). கதவுக் கொண்டியில் ஸ்பிரிங் கொக்கி.

சிக்கல் தரையில். முக்கால் அடி தோண்டினாலே பாறை, செங்குத்தாகப் புதைக்க முடியாது. வலையை 'ட' மாதிரி மடக்கி, வெளிப்பக்கம் 2 அடி படுக்கவைத்து மண் மூடலாமா? தோண்டும் விலங்கு பெரும்பாலும் சுவரை ஒட்டித்தான் பறிக்கும், அதனால் வலையில் முட்டி நிற்கும் என்பது கணக்கு.

இப்படிப் போட்டவர்கள் சொல்லுங்கள்: எச்சமும் ஈரமும் சேர்ந்தால் ஜிஐ வலை (துத்தநாகம் பூசிய இரும்பு) மண்ணுக்குள் எத்தனை வருஷம் தாங்குகிறது? பிவிசி பூச்சு போட்டது தேவலையா? நாலு மூலையிலும் வலை பிளந்து நிற்கும் இடத்தைத் தனித்துண்டு வைத்துக் கட்டுகிறீர்களா, கல் அடுக்குகிறீர்களா? படம் இருந்தால் போடுங்கள்.